அண்ணாச்சி பதில்கள்: பத்தாவது ஆள்

போன இதழில் மிளகு விலையைப் பற்றி எழுதும்போது, 1975 முதல் 1989 வரை கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்கள் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் கணக்கு எழுதினேன் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசை மேல் குவிந்து கிடக்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

அண்ணாச்சி, 14 வருஷம் யூதர்களோடு ஒரே தெருவில் இருந்திருக்கிறீர்கள். நம்ம சபை மாதிரி அவர்களுக்கும் சபை உண்டா? வாராவாரம் கூடுவார்களா?
வாசகர், பாளையங்கோட்டை

உண்டு தம்பி. ஆனால் கூடுவதில்தான் ஒரு கண்டிப்பு. 13 வயது முடிந்த ஆண்கள் 10 பேர் இருந்தால்தான் அவர்கள் முறைப்படி அது சபை. பத்துக்கு ஒன்று குறைந்தாலும் சில ஜெபங்களைச் சொல்லக் கூடாது, பெட்டகத்தைத் திறந்து தோராச் சுருளை (மோசேயின் ஐந்து புஸ்தகங்கள் எழுதிய சுருள்) எடுத்து வாசிக்கக் கூடாது. (இப்போது உலகத்தின் பல ஊர்களில் பெண்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். கொச்சியில் அப்போது பழைய முறைதான்.) இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும் என்று ஞாயிறு பள்ளியில் படித்து வளர்ந்தவன் நான். பத்துப் பேர் கணக்கு எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

விளங்கியது ஒரு சாயங்காலத்தில். நான் வாடகைக்கு இருந்த மாடிக்கு எதிர்வீட்டில் ஒரு பெரியவர். எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் என்னிடம் மலையாளத்தில் “எந்த ஊர்?” என்று கேட்டார். “நாசரேத்” என்றேன். மனுஷன் அசந்துபோய் வீட்டுக்குள் இருந்தவர்களை எல்லாம் வாசலுக்குக் கூப்பிட்டுவிட்டார். மூக்குப்பீறிக்கும் பிள்ளையன்மனைக்கும் பக்கத்தில் இருக்கிற நாசரேத் என்று விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து நான் அவருக்கு ‘நாசரேத்’தான்.

அவருடைய அப்பா இறந்த நாள் வந்தது. அந்த நாளில் பிள்ளைகள் கோவிலில் நின்று கத்தீஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல வேண்டும். சாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது, முழுக்கக் கடவுளைத் துதிப்பதுதான். ஆனால் 10 பேர் முன்னால்தான் சொல்லலாம். அது வார நாள். எர்ணாகுளத்திலிருந்து இரண்டு பேர் படகு ஏறி வந்தார்கள். தெருவில் இருந்தவர்களும் வந்தார்கள். நான் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் ஆளை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். மனுஷனை எண்ணுவது ஆகாது. 28-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் எபிரேயத்தில் சரியாகப் பத்து வார்த்தை. ஓர் ஆளுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். நம்ம களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்கிறோமே, அந்தக் கூச்சத்தைப் போல ஒன்று. அங்கிள் முகம் முகமாகப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்பதாவது முகத்தோடு ஆள் முடிந்துவிட்டது. பத்தாவது வார்த்தையைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

காத்திருந்தார்கள். ஒட்டினாற்போல அரண்மனைக் கோவில் இருக்கிறது, பழையன்னூர் பகவதி. அங்கே தீபாராதனை மணி அடித்து ஓய்ந்தது. கண்ணாடித் தொங்குவிளக்குகளில் தேங்காய் எண்ணெய் இறங்கிக்கொண்டே போனது. இருட்டியபிறகு ஒன்பது பேரும் அவரவராக, சொல்லக்கூடிய ஜெபங்களை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்கள். கத்தீஷ் இல்லை. அங்கிள் படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பத்தாவது வார்த்தை என்ன என்று பிற்பாடு கேட்டேன். ‘ஓலாம்’ என்றார். நம்ம வேதத்தில் ‘என்றென்றைக்கும்’ என்று இருக்கிற இடம்.

ஐயர், குருவானவர் என்று யாரும் கிடையாதா? யார் நடத்துவார்?
வாசகர், திசையன்விளை

கொச்சி யூதர்களுக்கு ரபி என்று சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வழக்கமே இல்லை. தெரிந்த பெரியவர்கள் நடத்துவார்கள். மளிகைக்கடைக்காரர் ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார், வக்கீல் ஒருவர் சட்டம் சொல்வார். விளக்குத் துடைத்து, திரி போட்டு, சாவி வைத்திருக்கிற ஆள் ஒருவர் உண்டு, நம்ம கோயில்குட்டி மாதிரி. சின்ன சபைக்கு அந்த ஆள்தான் உயிர்.

ஒரு வேலைக்கு மட்டும் படித்த ஆள் வேண்டும். ஆடோ கோழியோ அறுப்பதற்கு முறை தெரிந்தவர். அவர் ஊரை விட்டுப் போனால் அந்த வீடுகளில் கறி இல்லை. மீன்தான். அதிலும் செதிளும் துடுப்பும் உள்ள மீன். இறால், நண்டு, கணவாய் கிடையாது. கொச்சியில் குடியிருந்துகொண்டு இறாலைத் தொடாமல் நூற்றாண்டுக் கணக்காக இருந்திருக்கிறார்கள் என்றால் அந்த வைராக்கியத்தை யோசித்துப் பாருங்கள்.

கோவிலுக்குள் செருப்புப் போடலாமா?
வாசகி, தென்காசி

கூடாது. மற்ற நாட்டு யூதர்கள் பெரும்பாலும் சப்பாத்தோடு போவார்கள், கேரளத்தில் வெறுங்காலோடு. 1568-ல் கட்டிய பரதேசிப் பள்ளி என்கிற ஜெப ஆலயத்தின் தரை முழுவதும் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள். கையால் வரைந்தவை. காலுக்குக் குளுகுளுவென்று இருக்கும்.

தமிழுக்கும் அவர்களுக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா, அண்ணாச்சி?
ஆசிரியை, நாசரேத்

நம்ம ஊர்க்காரியே கேட்டுவிட்டீர்கள். இதற்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளணும்.

சாலமோன் ராஜாவின் கப்பல்கள் பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்தன என்று இராஜாக்களின் முதலாம் புஸ்தகத்தில் 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த மயிலுக்கு எபிரேயத்தில் இருக்கிற சொல் ‘துக்கி’. அது நம்ம ‘தோகை’தான் என்று எடுத்து எழுதியவர்களில் ஒருவர் இடையன்குடி கால்டுவெல் ஐயர். 1841-ல் அந்தத் தேரிக்காட்டுக்கு வந்து ஊரை உண்டாக்கி, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டாரே, அவர்தான். என் பாட்டி இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது தெருவில் மயில் அகவும். தோகை என்கிற சொல் அந்தப் புஸ்தகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்கு இன்றைக்கும் அந்த ஆதங்கம் உண்டு.

இன்னொன்று செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்தது. கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்து எழுதியிருக்கிறார்கள். எழுத்து என்ன தெரியுமா? வட்டெழுத்து. நம்ம பாண்டி நாட்டுக் கோவில் சுவர்களில் கிடக்கிற அதே வட்டெழுத்து. கொடுத்த உரிமைகள் 72. பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம் என்று வரிசையாக வரும். பாவாடை என்றால் நடக்கிற பாதையில் விரிக்கிற துணி. இதையெல்லாம் விளங்கிக்கொள்ள நமக்கு உரைகாரர் வேண்டியதில்லை. ஜோசப் என்ற பேரைக்கூட ‘ஈசுப்பு’ என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். உலகமும் சந்திரனும் இருக்கும் வரை அவர் சந்ததிக்கு என்று முடியும்.

அதில் ‘அஞ்சுவண்ணம்’ என்று ஒரு சொல் வரும். கடல் கடந்து வந்த வணிகர் கூட்டத்துக்கு அந்தக் காலத்துப் பேர். அந்தப் பேர் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தக்கலையில் சூஃபிப் புலவர் பீரப்பா அடங்கியிருக்கிற பள்ளிவாசல் ஜமாத்துக்கு இன்றும் அஞ்சுவண்ணம் என்றுதான் பேர்.

சென்னைக்கு வந்தால் பவளக்காரத் தெரு. இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து பவளம் இறக்கி, கோல்கொண்டா வைரம் ஏற்றிய யூத வணிகர்கள் 17-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்தார்கள். 1688-ல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன் என்கிற மன்ற உறுப்பினர்களில் 3 பேர் யூதர்கள்.

சனிக்கிழமை அடுப்பே மூட்டக் கூடாதாமே? வீட்டுப் பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள்?
வாசகி, திருநெல்வேலி டவுன்

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தத் தெருவில் நடந்துபோக வேண்டும் மதினி. வீட்டுக்கு வீடு ஒரே நேரத்தில் தாளிக்கிற மணம். பொழுது அடைவதற்குள் சனிக்கிழமைக்கும் சேர்த்துச் சமைத்து முடித்தாக வேண்டும். வீட்டு அம்மா எண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டால் அதோடு சரி, மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும் வரை தீ மூட்டக் கூடாது, அணைக்கக் கூடாது, எழுதக் கூடாது, காசைத் தொடக் கூடாது. எங்கள் கிட்டங்கியில் சரக்குப் போட்ட யூத வியாபாரி ஒருவர் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் கையெழுத்துப் போட மாட்டார். விலை ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி.

கறியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பது அவர்களுக்குப் பெரிய விதி. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே வேகவைக்காதே என்ற கட்டளையிலிருந்து வந்தது. பாலுக்கு ஒரு பாத்திரம், கறிக்கு ஒரு பாத்திரம். கேரளத்தில் அவர்களைத் தேங்காய்தான் காப்பாற்றியது. தேங்காய்ப்பால் பால் கணக்கில் வராது, கறிக்குழம்பில் தாராளமாக ஊற்றலாம்.

இதைச் சொன்னதும் எனக்கு நம்ம சொதி ஞாபகம் வந்துவிட்டது. டவுனில் சிநேகிதன் கல்யாணத்தில் சாப்பிட்ட சொதியைப் பற்றி எதிர்வீட்டு ஆண்ட்டியிடம் சொன்னேன். நான் வைத்துக்கொடுத்தால் சாப்பிட மாட்டார்கள், என் பாத்திரம் அவர்களுக்கு ஆகாது. அதனால் வாசற்படியில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவர்களே அவர்கள் சட்டியில் வைத்தார்கள். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, மூன்றாம் பால், இரண்டாம் பால், கடைசியில் முதல் பால், இறக்கி வைத்து எலுமிச்சை பிழிவது வரை. இஞ்சிப் பச்சடியையும் விடவில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை இரவு ஒரு சபாத் (ஓய்வுநாள்) மேசையில் திருநெல்வேலி சொதி இருந்தது.

பஸ்காப் பண்டிகை வந்தால் வேலை இன்னும் கடுமை. புளித்த மாவின் ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாது. ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலானவர்கள் பஸ்காவில் அரிசியே தொட மாட்டார்கள். கொச்சிக்காரர்களுக்குச் சோறு இல்லாமல் எட்டு நாள் முடியுமா? அதனால் மாதக்கணக்கில் முன்னாலேயே அரிசியைச் சுளகில் போட்டுப் புடைத்து, மணி மணியாகத் தள்ளிப் பார்த்து, கழுவிக் காயவைத்துத் தனியாகக் கட்டி வைப்பார்கள். ஆண்ட்டியின் விரல் நுனி ஒவ்வொரு மணியாகத் தொட்டு ஒதுக்குகிற வேகத்தை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கூடவே மலையாளத்தில் பாட்டு. அந்தப் பாட்டுகளை நோட்டில் எழுதி, அம்மாவிடமிருந்து மகள் பார்த்தெழுதி, அப்படியே வந்தவை. கல்யாணத்துக்கு ஒரு பாட்டு, மோசேக்கு ஒரு பாட்டு. ஆண்கள் இருக்கிற இடத்திலும் பெண்கள் வாய்விட்டுப் பாடுவார்கள்.

ஒயின் கிடைக்காத காலத்தில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சிய சாறுதான் ஆசீர்வாதத்துக்கு. எனக்கும் ஒரு தம்ளர் வரும்.

அவர்களுக்குள் சாதி கிடையாதுதானே?
வாசகர், சங்கரன்கோவில்

இருந்தது. மறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து பின்னால் வந்த ‘பரதேசி’ யூதர்கள் தங்களை வெள்ளையர் என்றும், மலபார் யூதர்களைக் கறுப்பர் என்றும் பிரித்து வைத்திருந்தார்கள். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகள் பரதேசிப் பள்ளியில் மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாது, தோரா வாசிக்க முடியாது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் ஏ.பி. சேலம். சென்னையில் சட்டம் படித்து வக்கீலானவர். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர். காந்தியின் வழியைத் தன் சொந்தக் கோவிலுக்குள்ளேயே கொண்டுபோனார். உட்காரக் கூடாது என்ற இடத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார்ந்தார். வருஷக்கணக்கில் சத்தியாக்கிரகம். கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. 1967-ல் இறந்தார். நான் போனபோது அவர் இல்லை. அவரைப் பார்க்கவில்லையே என்கிற குறை எனக்கு இன்றும் இருக்கிறது.

நம்ம வடக்கன்குளத்துக் கோவிலில் சாதிக்கு ஒரு பக்கமாக நடுவே சுவர் இருந்ததும், 1910-ல் அது இடிபட்டதும் உங்களுக்குத் தெரியும். பத்துப் பேர் சேராமல் ஜெபம் நிற்கிற ஊரில், வாசலில் நிற்கிறவனை உள்ளே எண்ணாமல் விட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யாரும் துரத்தவில்லையே, பின்னே ஏன் போனார்கள்?
வாசகர், வள்ளியூர்

யாரும் துரத்தவில்லை, உண்மை. திருவிதாங்கூர் மகாராஜா அவர்கள் தோராச் சுருளுக்குப் பொற்கிரீடமே கொடுத்திருக்கிறார். 1968-ல் பரதேசிப் பள்ளியின் 400-ஆவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார். ஆனால் தினமும் மூன்று வேளை எருசலேமை நினைத்து ஜெபிக்கிற ஜனத்துக்கு 1948-ல் இஸ்ரேல் உண்டானதும் ஊரில் கால் தரிக்கவில்லை. 1950-களின் நடுப்பகுதிக்குள் மலபார் யூதர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். நெவாத்திம், மெசிலத் சீயோன் போன்ற குடியிருப்புகளில் போய் விவசாயம் செய்தார்கள். மிளகும் முட்டையும் விற்றவர்கள் பாலைவனத்தில் பூ வளர்த்தார்கள்.

ஒரு குடும்பம் கிளம்பினால் அந்தக் குடும்பத்தோடு முடிவதில்லை. பத்தில் இரண்டு போனால் மிச்சம் எட்டுப் பேருக்கும் கோவில் இல்லை. அதனால் அந்த எட்டுப் பேரும் கிளம்புவார்கள்.

சேந்தமங்கலத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கோவில், பள்ளிவாசல், மாதா கோவில், ஜெப ஆலயம் நாலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். ஜெப ஆலயம் பூட்டிக் கிடந்தது. முன்னால் ஒரு கல்லறைக் கல் நின்றது. இஸ்ரவேலின் மகள் சாராள், 1269 என்று அதில் இருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். இப்போது அதைப் பழுதுபார்த்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். பறவூரிலும் அப்படியே. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உள் செதுக்குமரம் எருசலேமில் இருக்கிற இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. என் காலத்தில் அந்தக் கட்டடம் கிட்டங்கியாகக் கிடந்தது. 2019 மழையில் முகப்பு சரிந்தது. செய்தி பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எர்ணாகுளம் மார்க்கெட் ரோட்டில் இன்னொரு கடவும்பாகம் பள்ளி. அதன் முன்கட்டில் அலங்கார மீனும் செடியும் விற்கிற கடை போட்டு, பின்னால் இருக்கிற கோவிலை வருஷக்கணக்காகப் பாதுகாத்தது அந்தச் சமூகத்தின் பிள்ளை ஒருவர்தான். மீன்தொட்டிகளைத் தாண்டிக் கதவைத் திறந்தால் ஜெப ஆலயம். கொச்சிக்குப் போகிறவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

எங்கள் சிற்றூர்க் கோவிலில் இப்போது 9 குடும்பம்தான், அண்ணாச்சி. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும். பக்கத்து ஊரோடு சேர்ந்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்ய?
வாசகி, சாத்தான்குளம் அருகில்

தாயீ, உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன்.

சேருவதா வேண்டாமா என்பதை அந்த 9 குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அதில் நான் நுழையக் கூடாது. ஆனால் அதற்கு முன்னால் சில காரியம் உண்டு. உங்கள் ஊரில் பழைய கீர்த்தனை நோட்டு, அசனப் (சபை விருந்து) பாட்டு நோட்டு யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று பாருங்கள். எடுத்துப் பார்த்தெழுதுங்கள். ராகம் தெரிந்த கிழவிகளை உட்காரவைத்துப் பாடச்சொல்லி போனில் பிடித்து வையுங்கள். ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவுகளை ஈரம் படாத இடத்துக்கு மாற்றுங்கள். சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டாம், எளவட்டம் ஒருத்தன் கையிலும் ஒன்று கொடுங்கள். வாரம் ஒருமுறை முடியவில்லையா, மாதம் ஒரு ஞாயிறு என்று குறித்து அன்றைக்கு மணி அடித்துவிடுங்கள். ஆள் வரட்டும், வராமல் போகட்டும், மணி அடிக்கட்டும்.

துபாய்க்காரர்கள் லீவில் வருகிற மாதத்துக்கு அசனத்தைத் தள்ளி வையுங்கள். தேதியை எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து சாத்தான்குளத்துக்குக் காலையிலேயே பஸ் இருக்கிறது. நான் வாறேன். எலையில் ஓர் ஆள் கூடட்டும்.